சிறு புகையிரதத்துக்கு ஒரு சேவகன்

மாதிரிப் புகையிரதம் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது, வட்டமான தண்டவாளத்தில் ஓயாது சுற்றிவரும் விளையாட்டு வண்டியேயாகும். சாவி கொடுத்தால் ஓடும். சாவி தளர்ந்தால் நிற்கும். ஆனால், இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் இளையோரும் முதியோரும் ஆண்டுக்கணக்காக உழைத்து அமைக்கும் மாதிரிப் பாதை அத்தகையதன்று. பெரிய பாதையில் நிகழ்வன யாவும் அங்கே சிறிய அளவில் நிகழ்தல் வேண்டும். வண்டி ஒரு தடத்தை விட்டு வேறொரு தடத்துக்கு மாறவேண்டும். கைகாட்டி தாழவேண்டும். கடவைப் படலை மூடவேண்டும். பெரிய பாதையில் இவற்றை அசைப்பதற்கு நெம்புகோல்களும் ஆட்களும் உண்டு. சிறிய பாதையில் இவற்றை அசைக்கும் கை எது? அந்தக் கைக்குக் கட்டளையிடுவது எது? அக் கட்டளைக் கருவியைத் தெரிந்தெடுக்கும்போது நாம் எவற்றை ஆராயவேண்டும்? இவையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலில் ஓர் அளவை மனத்திற் கொள்வோம். இங்கிலாந்தில் மிகப் பரவலாக வழங்கும் மாதிரி அளவில், உண்மைப் பொருளின் ஓர் அடி நீளம் நான்கு மில்லிமீற்றராகச் சுருங்குகிறது. தண்டவாளங்களின் இடைவெளி பதினாறரை மில்லிமீற்றர். ஒரு தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில், கூர்மையாகச் சீவப்பட்ட இரண்டு தண்டவாள நாக்குகள் இருக்கின்றன. அவை ஒரு குறுக்குச் சட்டத்தினாற் பிணைக்கப்பட்டு, ஒருங்கே இடமோ வலமோ நகரும். நாக்கு எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறதோ அதற்கேற்ப வண்டி நேரே செல்லும் அல்லது பிரிந்து செல்லும். இவ்வமைப்பை இப்பேச்சிலே தடமாற்றி என்று குறிப்பிடுவோம். மாதிரிப் பாதையில் இந்நாக்கு நகரவேண்டிய தூரம் இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றரே. அத்தூரம் முழுவதும் நகராமல் நாக்குச் சிறிது விலகி நின்றுவிட்டால், வரும் வண்டியின் முதற் சில்லே தடம் புரளும். ஆகவே, அழகிய மலையும் குகையும் நிலையமும் அமைத்தவனுடைய உழைப்பெல்லாம் இந்த இரண்டு மில்லிமீற்றரிலேதான் தொங்கி நிற்கிறது எனலாம்.

இத் தடமாற்றியை விரலினாலேயே தள்ளலாம். அது மிக எளிது, மிக மலிவு. ஆயின், தடமாற்றி கைக்கெட்டாத் தூரத்தில் இருக்கும்போது விரல் பயன்படாது. எனவே மின்னாற் செயற்படும் கருவிகள் வந்தன. அவற்றுள் மிகப் பழையது வரிச்சுருள். கம்பிச் சுருளினூடாகக் கணநேரம் பெரிய மின்னோட்டம் பாயும். உள்ளே இருக்கும் இரும்புக் கோல் இழுபடும். தடமாற்றி ‘டக்’ என்ற ஓசையுடன் மாறும். இதன் நன்மை வேகமும் உறுதியும். இதன் குறை, அவ்வேகமே. நாக்கை அது நகர்த்துவதில்லை, அடிக்கிறது. அன்றியும், அழுத்தும் பொத்தான் சிக்கிக்கொண்டு மின்னோட்டம் தொடர்ந்து பாயுமாயின் சுருள் கருகிவிடும்.

அடுத்தது, மெதுவாக ஓடும் மோட்டர். அமெரிக்காவில் ‘ஆமை’ என்னும் பொருள்படும் பெயருடன் விற்கப்படும் டோட்டொய்ஸ் என்ற கருவி இவ்வகையிற் புகழ் பெற்றது. 12 வோல்ற்று மின்னில் ஓடும் அது, எல்லையை அடைந்ததும் மின் அறாமலே அசைவற்று நிற்கும். அந்நிலையில் அது கொள்ளும் மின்னோட்டம் ஏறத்தாழ 15 மில்லி அம்பியர் மட்டுமே. அதற்குத் தனியான கட்டளைக் கருவி தேவையில்லை. மின்னின் திசையை மாற்றும் ஆளி ஒன்றே போதும். நல்ல கருவிதான். ஆனால் உருவிற் பெரியது. விலையும் சற்று அதிகம். கைகாட்டி, கடவைப் படலை போன்றவற்றை நம் விருப்பப்படி சிறிது சிறிதாக அசைப்பதற்கும் அது ஏற்றதன்று.

மூன்றாவதாக வந்தது சேர்வோ. இது மாதிரிப் புகையிரதத்துக்கென்று பிறந்ததன்று. வானொலி அலையினால் இயக்கப்படும் மாதிரி விமானங்களின் இறக்கைகளையும் வால்களையும் திருப்புவதற்கு உருவாக்கப்பட்டுப் பின்னர் இப்பக்கம் வந்து சேர்ந்தது. சேர்வோ என்னும் சொல் இலத்தீன் மொழியிற் சேவகன், அடிமை என்னும் பொருள்தரும் சொல்லினின்றும் பிறந்தது. பிரான்சிய எந்திரவியலாளராகிய லெயோன் பார்க்கோ என்பவர், 1873 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே ‘சேர்வோ மோட்டர்’ என்னும் பெயரை வழங்கினார். அவருடைய கருத்துக் கப்பற் சுக்கானைப் பற்றியது. மாலுமி ஒரு சிறு சில்லைத் திருப்புகிறான். நீராவி இயந்திரம் பாரிய சுக்கானை அவன் திருப்பிய அளவுக்கே திருப்பி, அவ்விடத்தில் நிறுத்துகிறது. எசமான் காட்டிய அளவுக்கு, அதற்கு மேலுமின்றிக் கீழுமின்றிப் பணி செய்வது. இதுவே சேர்வோவின் இலக்கணம்.

இன்று சந்தையிலே கிடைக்கும் மிகச் சிறிய சேர்வோ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். எஸ். ஜீ. 90 என்னும் பெயருடைய நீல நிறச் சேர்வோ ஏறத்தாழ ஒன்பது கிராம் நிறையுடையது, தீப்பெட்டியிலும் சிறியது. அதனுள்ளே நான்கு உறுப்புக்கள் இருக்கின்றன. ஒன்று, சிறு மோட்டர். இரண்டு, அதன் வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டும் பற்சில்லுகள். மூன்று, வெளியே நீட்டிய அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை அளந்து சொல்லும் மாறுந் தடையி. நான்கு, ஒரு சிறிய மின்சுற்று. வெளியேயிருந்து வரும் கட்டளையையும் தடையி கூறும் நிலையையும் இச்சுற்று ஒப்புநோக்கும். இரண்டும் வேறாயின் மோட்டரை ஓடவிடும், ஒன்றாயின் நிறுத்தும். 

சேர்வோவிலிருந்து மூன்று கம்பிகள் வருகின்றன. கபில நிறக் கம்பி எதிர்முனை. சிவப்புக் கம்பி நேர்முனை. அதற்கு ஏறத்தாழ ஐந்து வோல்ற்று அளிக்கவேண்டும். செம்மஞ்சட் கம்பியே கட்டளை வரும் வழி. அக்கட்டளை ஒரு மின்துடிப்பு. செக்கனுக்கு 50 முறை, அதாவது 20 மில்லி செக்கனுக்கு ஒரு முறை, துடிப்பொன்று வருகிறது. துடிப்பு ஒன்றரை மில்லி செக்கன் நீடித்தால் அச்சு நடுவில் நிற்கும். ஒரு மில்லி செக்கனாகக் குறுகினால் ஒரு பக்கம் திரும்பும். இரண்டு மில்லி செக்கனாக நீண்டால் மறுபக்கம் திரும்பும். இத்துடிப்பைப் பிறப்பித்து, வேண்டியவாறு நீட்டியும் குறுக்கியும் அனுப்புவதே சேர்வோக் கட்டுப்படுத்தியின் தொழில்.

நேயர்கள் இங்கே ஒரு செய்தியை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அச்சு எங்கே நிற்கிறது என்பது சேர்வோவுக்குத் தெரியும். ஆனால் அதைக் கட்டுப்படுத்திக்குத் திருப்பிச் சொல்வதற்கு ஒரு கம்பியும் இல்லை. மூன்று கம்பிகளும் கொடுக்கும் கம்பிகளேயன்றிப் பதில் கொண்டுவரும் கம்பி ஒன்றேனும் இல்லை. ஆகவே கட்டுப்படுத்தி கட்டளையிடும். கட்டளை நிறைவேறியதா என்பதை அறியாது. எசமானின் இக்குருட்டுத்தன்மையை மறவாதவனே நல்ல கட்டுப்படுத்தியைத் தெரிந்தெடுப்பான். 

திருக்குறளிலே தெரிந்து வினையாடல் என்றோர் அதிகாரம் உண்டு. தக்காரை ஆராய்ந்து தக்க பணியில் அமர்த்தும் முறையை அரசனுக்குக் கூறுவது அது. பணி இன்னதென்று தெளியாமல் ஆளைத் தேடுதல் கூடாது என்பது அரசனுக்கு மட்டும் உரிய அறிவுரையன்று. ஆகவே நாமும் முதலிற் பணியைத் தெளிவோம்.

உதாரணமாக, இங்கிலாந்திற் பிறந்து உலகெங்கும் பரவிய ஒரு சிறிய பாதையை எடுத்துக்கொள்வோம். அலன் ரைட் என்பவர் அமைத்த அதற்கு இங்கில்நூக் சைடிங்ஸ் என்று பெயர். ஒரு பலகையில் அடங்கிவிடக்கூடிய இப்பாதையில் மூன்று ஒதுக்குத் தடங்களும் இரண்டே தடமாற்றிகளும் உள்ளன. ஒரு தடத்தில் ஐந்து சரக்கு வண்டிகளும், மற்றை இரண்டிலும் மும்மூன்று வண்டிகளும் நிற்கலாம். முன்புறத் தடத்தில் எஞ்சினும் மூன்று வண்டிகளும் மட்டுமே நிற்க இடமுண்டு. எட்டு வண்டிகள் இருக்கின்றன. அவற்றுள் ஐந்தைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்து, சீட்டில் வந்த அதே ஒழுங்கில் ஒரு தொடராகக் கோக்கவேண்டும். இதுதான் விளையாட்டு. எட்டு வண்டிகளில் ஐந்தை ஒழுங்குபடுத்தக்கூடிய வகைகள் 6,720 என்று கணக்கு அறிந்தோர் கூறுவர். ஆகவே இரண்டு தடமாற்றிகளே உள்ள இந்தப் பலகையில் ஒரு சிறுவன் ஆண்டு முழுவதும் சலியாது விளையாடலாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் அத் தடமாற்றிகள் திரும்பத் திரும்ப மாறிக்கொண்டேயிருக்கும். இவற்றுடன், முன்புறத்தில் ஒரு கைகாட்டியையும் நாட்டுவோம். இப்பொழுது நமக்கு வேண்டியவை மூன்று சேர்வோக்கள். அவற்றை ஆளும் ஒரு கட்டுப்படுத்தி.

அதனைத் தெரிந்தெடுக்குமுன் ஐந்து கேள்விகளைக் கேட்டல் நன்று.

முதலாவது கேள்வி: மின்னை ஏற்றும் கணத்தில் இது எவ்வாறு நடந்துகொள்ளும்? 

இதனை முதலில் வைத்தமைக்குக் காரணம் உண்டு. சேர்வோவும் கட்டுப்படுத்தியும் ஒரே கணத்தில் மின் பெறும்போது, கட்டுப்படுத்தி தன் பணியைத் தொடங்குவதற்கு முன்னரே சேர்வோ விழித்துவிடுகிறது. கட்டளைக் கம்பியில் அப்போது தோன்றும் ஒழுங்கற்ற மின்னைக் கட்டளையென்று கருதி, அது திடீரெனத் துள்ளும். விமானத்தில் அத்துள்ளல் பெரிதன்று. தடமாற்றியிலோ, இரண்டு மில்லிமீற்றர் நகரவேண்டிய நாக்கின்மீது பலமடங்கு வீச்சுள்ள உதை விழும்; குறுக்குச் சட்டத்தினின்று நாக்குப் பெயர்ந்துவிடக் கூடும். நல்ல கட்டுப்படுத்தி இதனைத் தவிர்க்க வழி செய்திருக்கும். சிலவற்றில், கட்டுப்படுத்தி ஆயத்தமான பின்பே சேர்வோவுக்கு மின் செல்லும். வேறு சிலவற்றில் கட்டளைக் கம்பிக்கும் நேர்முனைக்குமிடையே 10 கிலோ ஓம் அளவிலான தடையி ஒன்றை இணைப்பர்; சில வகைச் சேர்வோக்களில் இது பயன் தரும், எல்லாவற்றிலுமன்று. இவ்விரண்டுமில்லாத கட்டுப்படுத்தி எவ்வளவு மலிவாயினும் அதன் மலிவு பொய்ம்மலிவே.

இதனோடு சேர்ந்த மற்றொன்று நினைவாற்றல். அழுத்தியவுடன் மீண்டும் எழும் பொத்தான்களால் இயங்கும் கட்டுப்படுத்தி, நேற்று மின்னை நிறுத்தியபோது தடமாற்றி எப்பக்கம் இருந்தது என்பதைத் தன் நினைவகத்திற் பதித்து வைத்திருக்க வேண்டும். மேலும் கீழும் சாயும் ஆளி பொருத்திய கட்டுப்படுத்திக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆளி சாய்ந்திருக்கும் பக்கமே நினைவு. மின் போனாலும் ஆளி தன் நிலையிலேயே நிற்கும். மின் வந்ததும் கட்டுப்படுத்தி அதனைப் படித்துக்கொள்ளும். மின் இல்லாத வேளையிலே எவரும் ஆளியைத் தொடாதிருந்தாற் போதும்.

இரண்டாவது கேள்வி: இது மெதுவாகவும் நுண்ணிதாகவும் நகர்த்துமா? 

சேர்வோவின் கையில், அச்சிலிருந்து 12 மில்லிமீற்றர் தூரத்திற் கம்பி கோக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அச்சு 12 பாகை திரும்பினால் அம்முனை ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் நகரும். நமக்கு வேண்டியது அவ்வளவே. இப்பொழுது, ஒரு பாகைக்குக் குறைந்த அளவிலே கட்டளையிட இயலாத கட்டுப்படுத்தியாயின், அப்பயணம் பன்னிரண்டு தாவல்களாக முடிந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு நாக்கு விக்கி விக்கி நகர்வதாகத் தோன்றும். துடிப்பின் நீளத்தை ஒரு மில்லி செக்கனின் இருநூறில் ஒரு பங்கு அளவில் மாற்றவல்ல கட்டுப்படுத்தியாயின், அதே பயணம் இருபத்தேழு சிறு படிகளாக அமையும். ஒன்று அல்லது இரண்டு செக்கனில் இப்படிகளை ஏறினால், உண்மையான பாதையின் நெம்புகோலை ஒருவன் இழுப்பது போன்ற தோற்றம் கிடைக்கும். கைகாட்டிக்கு இன்னும் ஒரு நயம் வேண்டும். பழைய கைகாட்டி தன் நிலையை அடைந்ததும் ஒருமுறை சிறிது எழும்பி அடங்கும். நம் நேயர்களில் மூத்தோர் புகையிரத நிலையங்களில் இதனைக் கண்டிருப்பர். அவ்வசைவையும் தரக்கூடிய கட்டுப்படுத்திகள் உண்டு. தடமாற்றி மட்டும் உள்ள பாதைக்கு அது தேவையற்றது. கைகாட்டி உள்ள பாதைக்கு அது உயிர் கொடுப்பது.

மூன்றாவது கேள்வி: எல்லைகளை எவ்வாறு குறிப்பது? 

ஒவ்வொரு தடமாற்றிக்கும் இடது எல்லையும் வலது எல்லையும் வேறுபடும். அவற்றைக் கட்டுப்படுத்திக்குக் கற்பிக்க வேண்டும். சிலவற்றில் திருகாணியைத் திருப்பிக் கற்பிக்கலாம். சிலவற்றில் பொத்தான்களை அழுத்திக் கற்பிக்கலாம். சிலவற்றைக் கணினியுடன் இணைத்தே கற்பிக்க முடியும். வெப்பத்தாலும் ஈரத்தாலும் பலகை விரிந்து சுருங்கும் இயல்புடையது. மழைக்காலத்திற் சரியாயிருந்த எல்லை கோடைக்காலத்தில் அரை மில்லிமீற்றர் பிசகலாம். அப்பொழுதெல்லாம் கணினியைத் தூக்கிவந்து பலகைக்கு அடியிலே படுத்துக்கொண்டு திருத்துவதினும், இரண்டு பொத்தான்களை அழுத்தித் திருத்துவது எளிதல்லவா? 

நான்காவது கேள்வி: மின்னை எங்கிருந்து பெறும்? 

சிறு சேர்வோ ஓடும்போது 100 முதல் 250 மில்லி அம்பியர் வரை கொள்ளும். ஏதேனும் தடைப்பட்டு அசைய இயலாது நின்றால் அது அரை அம்பியரையும் தாண்டும். கணினியின் சாதாரண யூ. எஸ். பி. துளையினூடாகப் பெற எண்ணப்பட்ட மின்னோட்டமோ 500 மில்லி அம்பியர். மூன்று சேர்வோக்கள் ஒருங்கே அசைந்தால் மின்னழுத்தம் தாழும். தாழ்ந்ததும் கட்டுப்படுத்தி மயங்கி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். தொடங்கும்போது முன் கூறிய துள்ளல் நிகழும். சேர்வோ கெட்டுவிட்டது என்று பலர் எறிந்துவிடுவது இத்தகைய வேளையிலேதான். குற்றம் சேர்வோவில் இல்லை, ஊட்டத்தில் இருக்கிறது. ஐந்து வோல்ற்றில் இரண்டு அம்பியர் தரவல்ல தனி மின்வழங்கி ஒன்று நம் சிறு பாதைக்குப் போதும். வண்டியை ஓட்டும் மின்னையும் சேர்வோவின் மின்னையும் ஒன்றாகக் கலவாதிருத்தல் நன்று. அன்றியும், சேர்வோவுக்குச் செல்லும் கம்பி குறுகியதாகவும், ஆளிக்குச் செல்லும் கம்பி வேண்டிய அளவு நீண்டதாகவும் இருக்குமாறு கட்டுப்படுத்தியைத் தடமாற்றிகளின் அருகே வைத்தல் வேண்டும்.

ஐந்தாவது கேள்வி: தவளைக்கு யார் பொறுப்பு? 

நேயர்கள் நகைக்க வேண்டாம். தடமாற்றியில் இரு தடங்களின் உட்புறத் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் மூக்குப் போன்ற இடத்துக்கு ஆங்கிலத்திலே தவளை என்பதுதான் பெயர். எஞ்சின் தண்டவாளங்களிலிருந்தே மின்னைப் பெறுகிறது. உலோகத்தாலான தவளை, வண்டி நேரே செல்லும்போது ஒரு முனையின் மின்னையும், பிரிந்து செல்லும்போது மறுமுனையின் மின்னையும் பெற்றிருக்க வேண்டும். தவறினாற் குறுக்குச் சுற்று உண்டாகி வண்டி நின்றுவிடும். வரிச்சுருளுடனும் ஆமை மோட்டருடனும் இதற்கான தொடுகைகள் வருவதுண்டு. சேர்வோவில் அத்தகைய தொடுகை ஒன்றுமில்லை. சில கட்டுப்படுத்திகள் ரிலே ஒன்றை வைத்து, சேர்வோ பாதிவழி சென்றதாகத் தாம் எண்ணும் கணத்தில் அதை மாற்றுகின்றன. இது வசதியானதே. ஆயினும் கட்டுப்படுத்தி குருடு என்று முன்னர்க் கூறினோம். சேர்வோ அசையாமற் போனாலும் ரிலே மாறிவிடும். இதனினும் நம்பத்தக்கது, சேர்வோவின் கையே தட்டி மாற்றும்படி பொருத்தப்பட்ட ஒரு நுண்ணாளி. கை அசைந்தால் அது மாறும், அசையாவிடின் மாறாது. கட்டளையைக் கேட்டு மாறுவதினும் செயலைக் கண்டு மாறுவதே உறுதி.

இவ்வைந்து கேள்விகளையும் கையிற் கொண்டு இனிச் சந்தைக்குள் நுழைவோம். அங்கே நான்கு வகையானவை நம்மை எதிர்கொள்ளும்.

முதலாவது வகை, ஒரு குமிழைத் திருப்பினால் ஒரு சேர்வோ திரும்பும் சிறு பெட்டி. 555 என்னும் எண்ணால் வழங்கப்படும் காலங்காட்டிச் சில்லைக் கொண்டும் இதனை அமைக்கலாம். ஹான்ஸ் கமென்சிண்ட் என்பவர் 1971 ஆம் ஆண்டில் வடிவமைத்த அச்சில்லு, இன்றும் உலகெங்கும் மாணவர் கைகளிலே புழங்குகிறது. இவ்வகைக்கு எல்லையும் தெரியாது, வேகமும் தெரியாது. எல்லாம் திருப்புபவன் விரலிலேயே உள்ளது. பாதையை ஆள்வதற்கு இது போதாது. ஆனால் சேர்வோவின் இயல்பைக் கற்பதற்கும், பொருத்துமுன் நடுநிலையைக் கண்டறிவதற்கும் இதுபோல் உதவுவது வேறில்லை.

இரண்டாவது வகை, இந்தப் பணிக்கென்றே அமைக்கப்பட்டு, உள்ளே கட்டளைத்தொடர் பதிக்கப்பட்டு வரும் சிறு பலகை. ஆளியைச் சாய்த்தால் சேர்வோ மெதுவாக மாறும். எல்லைகளும் வேகமும் நினைவிற் பதிந்திருக்கும். 1967 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே தொடங்கப்பட்ட மேர்க் என்னும் மாதிரிப் புகையிரத இலத்திரனியற் கழகம், நான்கு சேர்வோக்களை நான்கு ஆளிகளால் ஆளும் இத்தகைய பலகை ஒன்றைத் தன் உறுப்பினர் தாமே பற்றாசிட்டு அமைத்துக்கொள்ளும் வகையிலே தந்திருக்கிறது. இதுபோன்றவற்றைப் பிற உற்பத்தியாளரும் விற்கின்றனர்.

மூன்றாவது வகை, நாமே கட்டளை எழுதிக்கொள்ளும் நுண்கட்டுப்படுத்திப் பலகை. 2005 ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்றேயா நகரிலே தோன்றிய ஆர்டுயினோ இவற்றுட் பெயர் பெற்றது. அதன் ஊனோ என்னும் பலகை, தன்னுடன் வரும் சேர்வோ நூலகத்தின் துணையாற் பன்னிரண்டு சேர்வோக்கள் வரை ஆளக்கூடும். பதினாறு சேர்வோக்களுக்குத் துடிப்பு வழங்கும் துணைப் பலகைகளும் உண்டு. விலையோ குறைவு, ஆற்றலோ பெரிது. ஆனால் முன் கூறிய ஐந்து கேள்விகளுக்கும் இங்கே விடை எழுதவேண்டியவர் நாமே. எடுத்துக்காட்டாக, சேர்வோவை இணைக்குமுன்பே அது நிற்கவேண்டிய நிலையைக் கட்டளைத்தொடரிற் குறிப்பிடாவிடின், அது தொடக்கத்தில் நடுநிலைக்குத் துள்ளும். வேகத்தைப் பாகைக் கணக்கில் எழுதினால் விக்கும். மைக்குரோ செக்கனில் எழுதினால் ஒழுகும்.

நான்காவது வகை, தண்டவாளத்தினூடாகவே எண்முறைக் கட்டளைகளை அனுப்பி வண்டிகளையும் தடமாற்றிகளையும் ஒருங்கே ஆளும் பெரிய அமைப்பின் அங்கமாக வருவது. அவ்வமைப்பை ஏற்கெனவே உடையவர்க்கு இது இயல்பான தெரிவு. ஒரே எஞ்சினும் இரண்டு தடமாற்றிகளும் உடையவன் இதற்காகவே அவ்வமைப்பை வாங்குதல், ஒரு மாட்டைக் கட்டப் பத்துத் தொழுவம் கட்டியவன் கதையாகும்.

இனி, நமது சிறு பாதைக்கு எது? இரண்டாவது வகை என்பதே என் முடிபு. மூன்று சேர்வோக்களுக்கு நான்கு வெளிவாயில் போதும், ஒன்று மிஞ்சியிருக்கும். அதுவும் பொத்தானைவிடச் சாய்ந்து நிற்கும் ஆளியால் இயங்குவதும், எல்லைகளைப் பலகையிலேயே திருத்தத்தக்கதும் விரும்பத்தக்கன. ஆளியைப் பார்த்த மாத்திரத்தே தடமாற்றிக்கு இடப்பட்ட கட்டளை இன்னதென்று சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

இவ்விடத்தில் இளைஞர் சிலர் என்னோடு முரண்படுவர் என்பதை அறிவேன். ஆர்டுயினோ மலிவானது, அறிவை வளர்ப்பது, ஏன் அதனை இரண்டாமிடத்தில் வைக்கிறீர் என்பர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. கட்டளை எழுதக் கற்பதே நோக்கமாயின், ஆர்டுயினோவே முதற்றெரிவு. பாதை அதற்கொரு பயிற்சிக்களம். ஆனால் பாதையை ஓட்டுவதே நோக்கமாயின், வேறொன்றையும் எண்ணவேண்டும். நான் கலைப் பட்டதாரி. இலத்திரனியலை முறையாகப் பயின்றவனல்லேன். ஆயினும் பாடசாலை அதிபராகப் பணியாற்றுபவன் என்ற முறையில் ஒன்றை அறிவேன். பாடசாலைக் கழகத்தின் பொருளை அமைப்பவன் ஒருவன்; அதனை அடுத்த ஆண்டு பயன்படுத்துபவன் வேறொருவன். கெட்டிக்கார மாணவன் ஒருவன் கட்டளை எழுதி எல்லாவற்றையும் ஓடவைப்பான். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் அவன் சென்றுவிடுவான். எழுதிய கட்டளை அவனுடைய கணினியோடு சென்றுவிடும். மூன்றாந் தவணையில் ஒரு தடமாற்றி பிசகினால், எஞ்சியிருக்கும் பிள்ளைகள் அதனைச் சுற்றி நின்று பார்க்கலாமேயன்றி வேறொன்றும் செய்யவியலாது. சில நாட்களிற் பாதைமீது துணி போர்த்தப்படும். பின்னர் அது களஞ்சிய அறைக்குச் செல்லும். வீட்டிலும் இவ்வாறே, அண்ணன் அமைத்ததைத் தம்பி திருத்தத் தெரியாவிடின் அது தம்பியின் விளையாட்டுப் பொருளாகாது.

ஆகவே, ஆறாவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை அமைத்தவன் இல்லாதபோது, மற்றொருவன் இதனைப் புரிந்து திருத்த முடியுமா? ஆர்டுயினோவையே தெரிந்தெடுப்பவரும் இக்கேள்விக்கு விடை சொல்லலாம். எழுதிய கட்டளைத்தொடரை அச்சிட்டுப் பலகையின் அடியிலே ஒட்டிவைக்கலாம். எந்த வரியில் எந்த எண்ணை மாற்றினால் எந்தத் தடமாற்றியின் எல்லை மாறும் என்பதைத் தமிழிலே எழுதிவைக்கலாம். அவ்வாறு செய்பவரோடு எனக்கு வழக்கில்லை.

இறுதியாக, பொருத்தும் ஒழுங்கையும் சுருங்கக் கூறிவிடுகிறேன். சேர்வோவை முதலில் மேசைமீது வைத்து, ஒன்றரை மில்லி செக்கன் துடிப்பினால் நடுநிலைக்குக் கொணர்க. அந்நிலையிலேயே அதன் கையைச் செங்குத்தாகப் பொருத்துக. தடமாற்றியின் நாக்கையும் நடுவிலே நிறுத்தி, இரண்டையும் மெல்லிய உருக்குக் கம்பியால் இணைக்க. கம்பி சிறிது வளைந்து கொடுப்பதாயிருத்தல் வேண்டும். விறைப்பான கம்பியாயின் சேர்வோ எல்லையைத் தாண்ட முயன்று ஓயாது முனகும். பின்னர் எல்லைகளை நடுவிலிருந்து சிறிது சிறிதாக வெளியே விரித்து, நாக்குத் தண்டவாளத்தோடு ஒட்டியதும் மிகச் சிறிதே கூட்டி நிறுத்துக. அதன் பின்னும் முனகல் கேட்குமாயின் எல்லையை ஒரு படி உள்ளே இழுக்க. நகர்ந்து முடிந்ததும் துடிப்பை நிறுத்திவிடும் வசதி கட்டுப்படுத்தியில் இருப்பின், அதனையும் பயன்படுத்தலாம். பற்சில்லுகளின் உராய்வே நாக்கைப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் முடிந்தபின், மின்னைப் பத்து முறை நிறுத்தி ஏற்றிப் பார்க்க. பத்து முறையும் நாக்கு அசையாது நின்றதாயின் வண்டியை ஓடவிடலாம்.

நேயர்களே, விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு பிள்ளை முதன்முதலாகத் தன் கையால் அமைத்த பொருள் ஓடுமாயின், அடுத்ததை அமைக்க அப்பிள்ளை தானே முன்வரும். ஓடாது நிற்குமாயின், அதனைக் கற்பித்த பெரியவர் எவ்வளவு சொன்னாலும் மனம் திரும்பாது. அந்த வேறுபாடு சில வேளைகளில் இரண்டு மில்லிமீற்றர் தூரத்திலும், மின்னை ஏற்றும் ஒரு கணத்திலும் அடங்கிக் கிடக்கிறது. ஆதலின், எத்தனை வித்தைகள் காட்டும் என்று கேட்டுக் கட்டுப்படுத்தியை வாங்காதீர்கள். எவ்வாறு தொடங்கும், எவ்வாறு நிற்கும், பிழைத்தால் எவ்வாறு திருத்தலாம் என்று கேட்டு வாங்குங்கள். சொன்னதை மட்டும் செய்யும் சேவகனுக்கு, நிதானமாகச் சொல்லத் தெரிந்த எசமானே பொருத்தம்.